மழையைப் பற்றி எழுதச் சொல்லும் முன்

திண்டிவனம் - மரக்காணம் சாலையில், பெருமுக்கல் மலையைச் சுற்றியுள்ள பள்ளிகளுக்குப் புதிதாகத் தமிழாசிரியராக வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு, இந்தப் பக்கத்திலேயே கற்பித்து ஓய்வுபெற்ற ஒருவர் எழுதுவது. வகுப்பில் எல்லா நோட்டிலும் ஒரே கட்டுரைதான் இருக்கிறது, என்ன செய்வது என்று உங்களில் சிலர் வந்து கேட்டீர்கள். நேரில் சொன்னதை இங்கே விரித்திருக்கிறேன். எண் போட்டிருப்பது உங்கள் வசதிக்காக. எல்லாவற்றையும் ஒரே ஆண்டில் செய்துவிட வேண்டியதில்லை.

1. சட்டகத்தோடு சண்டை போடாதீர்கள்.

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் கட்டுரைக்கு 8 மதிப்பெண். குறிப்புகளைக் கொடுத்து, முன்னுரை, உட்தலைப்புகள், முடிவுரை என்று எழுதச் சொல்கிறார்கள். திருத்தும் முகாமில் கட்டுக்கட்டாகத் தாள் பார்க்கிறவருக்கு அந்த ஒழுங்கு வேண்டியிருக்கிறது. வீட்டில் முதல் ஆளாகப் பத்தாம் வகுப்பு எழுதுகிற பிள்ளைக்கு அந்த 8 மதிப்பெண் பெரிய பிடிமானம். ஆகவே அதை நன்றாகவே கற்றுக்கொடுங்கள். அதற்கு ஒரு நோட்டு. வேறொரு நோட்டு தனியாக இருக்கட்டும். அதில் மதிப்பெண் கிடையாது, உட்தலைப்பு கிடையாது, மேற்கோளுக்குப் பச்சை மை கிடையாது. வாரத்தில் ஒரு பாடவேளை போதும். ஆறாம் வகுப்பிலேயே தொடங்குங்கள். பத்தாம் வகுப்புக்கு வந்தபிறகு தொடங்கினால் தேர்வு பயம் அந்த நோட்டைத் திறக்க விடாது.

2. உங்களுக்கு விடை தெரியாத கேள்வியைக் கேளுங்கள்.

நான் சொல்ல வந்ததில் முதன்மையானது இதுதான். மற்றவை மறந்தாலும் இது நினைவிருக்கட்டும்.

‘நூலகத்தின் பயன்’ என்று தலைப்புக் கொடுத்தால் பிள்ளை எழுதப்போவது உங்களுக்கு முன்பே தெரியும். உங்களுக்குத் தெரியும் என்பது பிள்ளைக்கும் தெரியும். கேட்பவருக்குத் தெரிந்ததையே திருப்பிச் சொல்ல யாரும் சொந்தச் சொல்லைத் தேட மாட்டார்கள். மனப்பாடம் போதும். பிள்ளைக்குக் கற்பனை இல்லை, வாசிப்பு இல்லை என்று ஆசிரியர் அறையில் வருத்தப்படுகிறோம். கேட்ட கேள்வி எப்படிப்பட்டது என்று பார்ப்பதில்லை.

உங்களில் பலர் திண்டிவனத்திலிருந்தோ விழுப்புரத்திலிருந்தோ பேருந்தில் வருகிறீர்கள். உப்பு எப்படி விளைகிறது என்று உங்களுக்குத் தெரியாது. நல்லதாகப் போயிற்று. மரக்காணம் உப்பளத்துக்கு வேலைக்குப் போகிற வீட்டுப் பெண்பிள்ளையிடம் கேளுங்கள். தை மாதம் பாத்தியைக் காலால் மிதிக்கிறார்களே, எதற்கு? உவர்நீர் பாய்ச்சிய பிறகு எத்தனை நாளில் உப்பு பிடிக்கும்? வாரலாம் என்று அம்மாவுக்கு எதைப் பார்த்துத் தெரிகிறது? காலில் வெடிப்பு இருக்கும்போது அந்தத் தண்ணீரில் எப்படி நிற்கிறார்கள்? உச்சி வெயில் உப்பில் பட்டுக் கண் கூசினால் என்ன செய்வார்கள்? கோனார் நோட்ஸில் இதற்கு விடை இல்லை. கைபேசியில் தேடினால் உப்பு உற்பத்தி பற்றிப் பொதுவாக ஏதோ கிடைக்கும், அவளுடைய அம்மா கிடைக்க மாட்டாள்.

பிள்ளை பதில் சொல்லும்போது புரியாத இடத்தில் நிறுத்தி, “புரியலையேம்மா, இன்னொரு தடவ சொல்லு” என்று கேளுங்கள். நடிக்க வேண்டாம். பிள்ளைகள் நடிப்பை உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். உண்மையிலேயே புரியாமல் கேட்கும்போது ஒரு மாற்றம் நடக்கும். எழுந்து நிற்பாள், பாத்தியின் அளவைக் கையால் காட்டுவாள், முதலில் சொன்னதைத் திருத்திச் சொல்வாள், எதை முன்னால் சொன்னால் உங்களுக்கு விளங்கும் என்று யோசிப்பாள். கட்டுரை எழுதுகிறவர் செய்ய வேண்டியது எல்லாம் அதுதான். “இப்போது சொன்னாயே, அதையே எழுது” என்று நோட்டைக் கொடுங்கள்.

3. ஒரே தலைப்பில் இரண்டு உண்மை வந்தால் இரண்டும் இருக்கட்டும்.

மழைநீர் சேகரிப்பு, மழையின் பயன் என்று ஆண்டுதோறும் எழுத வைக்கிறோம். உங்கள் வகுப்பில் யார் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பாருங்கள். பெருமுக்கல் பக்கத்தில் ஏரியையும் கிணற்றையும் நம்பிக் கழனி வைத்திருக்கும் வீட்டுப் பிள்ளைகள் உண்டு. அவர்களுக்கு ஐப்பசியில் மழை வந்தாக வேண்டும். கிழக்கே மரக்காணம் அளத்துக்குக் கூலிக்குப் போகிற வீட்டுப் பிள்ளைகளும் உண்டு. ஐப்பசி மழை இறங்கினால் பாத்தி மூழ்கும், தை வரைக்கும் வேலை கிடையாது. மழைக்காலத்தில் வேலையின்றி இருக்கும் உப்பளத் தொழிலாளர் குடும்பத்துக்குத் தமிழ்நாடு அரசு 5,000 ரூபாய் நிவாரணம் தருவது இதனால்தான். சித்திரை வைகாசியில் ஒரு மணி நேரம் எதிர்பாராமல் பெய்தாலும் போதும், விளைந்து நிற்கிற உப்பு கரைந்துபோகும்.

இப்படிப்பட்ட வீட்டிலிருந்து வரும் பெண்ணும் மழை உயிர்களுக்கு ஆதாரம் என்றுதான் எழுதிக் கொடுக்கிறாள். மேகம் கறுத்த அன்று வீட்டில் என்ன பேசினார்கள், உப்புக் குவியலைக் கீற்று போட்டு மூட யார் ஓடினார்கள், அந்த வாரம் கடையில் கடன் சொன்னது யார் என்பதெல்லாம் நோட்டுக்குள் வருவதே இல்லை. தன் வீட்டில் நடப்பது தவறான விடை என்று அவள் நினைத்துக்கொள்கிறாள். சொல்லிக்கொடுக்காமலே நாம் அவளுக்குக் கற்றுக்கொடுத்த பாடம் அது. எனக்கு இதில் ஆறாத வருத்தம் உண்டு.

ஆகவே ‘மழையின் பயன்’ வேண்டாம். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையேறியது. மயிலத்தில் ஒரே நாளில் 50 செ.மீ.க்கு மேல் கொட்டியது. அந்த இரவில் உங்கள் வீட்டில் யார் என்ன செய்தார்கள் என்று கேளுங்கள். கழனி வீட்டுப் பையன் எழுதியதையும் அள வீட்டுப் பெண் எழுதியதையும் அடுத்தடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். வகுப்பு வாதாடும், வாதாடட்டும். நடுவர் வேலையை எடுத்துக்கொள்ளாதீர்கள். மழை நல்லதுதான் என்று கடைசியில் முடித்துவைக்கவும் வேண்டாம்.

அடுத்த வாரம் ஆளை மாற்றுங்கள். பையன் அவளிடம் கேட்டு அவள் வீட்டு மழையை எழுதட்டும், அவள் அவனுடையதை எழுதட்டும். எழுதியதை மற்றவரிடம் காட்டி, “இப்படித்தானா?” என்று கேட்டுக்கொள்ளட்டும். சொந்தக் கட்டுரை என்றால் ‘நான், நான்’ என்று எழுதுவது என்ற எண்ணம் இதில் தானாகக் கரைந்துவிடும்.

4. தலைப்பைச் சின்னதாக்குங்கள்.

‘எங்கள் ஊர்’ என்று கொடுத்தால் எல்லா ஊரிலும் இயற்கை எழில் கொஞ்சும். பெருமுக்கல்லுக்குச் சொல்ல எவ்வளவோ இருக்கிறது. மலைமேல் சிவன் கோயில், சோழர் காலக் கல்வெட்டுகள், சீதை குகையில் தொல்பழங்காலப் பாறைக் கீறல்கள், 1760இல் ஆங்கிலேயர் பிரெஞ்சுக்காரரிடமிருந்து பிடித்த மலைக்கோட்டை. இதையெல்லாம் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள், கூட்டிப்போய்க் காட்டுங்கள். ஆனால் வரலாற்றுக் குறிப்பைப் பார்த்து எழுதினால் அது இன்னொரு மனப்பாடம். மலையில் ஒரே ஓர் இடத்தைப் பிள்ளையே தேர்ந்தெடுக்கட்டும். ஆடு மேய்க்கப் போகிறவன் வெயிலுக்கு ஒதுங்கும் பாறை இருக்கும். கல்குவாரியில் வெடி வைக்கும்போது வீட்டில் பாத்திரம் அதிர்கிற ஒரு நிமிடம் இருக்கும். லவனும் குசனும் இங்கேதான் பிறந்தார்கள் என்று அவனுடைய ஆயா சொல்லும் கதை இருக்கும். அதை ஆயா எந்தச் சொல்லால் தொடங்குகிறாள் என்று கேட்டு வரச் சொல்லுங்கள்.

5. ஊர்ச் சொல்லை அடிக்காதீர்கள்.

பிள்ளை ‘மல்லாட்டை’ என்று எழுதினால் அப்படியே விடுங்கள். தேர்வு நோட்டில் ‘நிலக்கடலை’ எழுதத் தெரிந்தால் போதும். பக்கத்துப் புதுச்சேரியில் வாழ்ந்து 2021இல் மறைந்த கி. ராஜநாராயணன் கரிசல் பேச்சை எழுத்தாக்கினார், அந்தச் சொற்களுக்கு அகராதியே தொகுத்தார். நம் பக்கத்துச் சொற்களுக்கு உங்கள் வகுப்பு ஒரு பட்டியலாவது தொடங்கலாம்.

6. எழுதுவதற்கு முன் துண்டுத்தாள்.

இத்தாலியில் ஃப்ளாரன்ஸ் நகருக்கு வடக்கே மலையில் பார்பியானா என்று ஒரு சிற்றூர். லொரென்சோ மிலானி என்ற பாதிரியார் அங்கே ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தினார். அரசுப் பள்ளியில் தேறாமல் ஒதுக்கப்பட்ட பையன்கள் அங்கே படித்தார்கள். அவர்களில் எட்டுப் பேர் சேர்ந்து, தங்களைப் போன்றவர்களைத் தோல்வியடையச் செய்த ஆசிரியைக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினார்கள். 1967இல் அது புத்தகமாக வந்து உலகம் முழுக்கப் பரவியது. அந்தப் பிள்ளைகள் எழுதிய முறையை நாம் இங்கே அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

மனத்தில் தோன்றுகிற ஒவ்வொன்றையும் ஒரு துண்டுத்தாளில் எழுத வேண்டும். ஒரு தாளுக்கு ஒன்றே ஒன்று, ஒரு பக்கம் மட்டும். பிறகு எல்லாவற்றையும் தரையில் பரப்ப வேண்டும். ஒரே விஷயம் இரண்டு தாளில் இருந்தால் ஒன்றை எடுத்துவிடலாம். ஒன்றோடொன்று சேர்கிறவற்றை அடுக்கி, எது முதலில் வர வேண்டும் என்று மாற்றி மாற்றி வைத்துப் பார்க்கலாம். அதன் பிறகுதான் நோட்டு. கடைசியில் உரக்க வாசித்து, தேவையில்லாத சொல்லை எடுத்துக்கொண்டே வர வேண்டும். கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கம் இதற்குப் போதும், காசு செலவில்லை. முன்னுரையில் என்ன எழுதுவது என்று பேனாவைக் கடித்துக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு இது பெரிய விடுதலை. தாளை அடுக்கும்போது அந்தக் கட்டுரைக்கு உரிய வடிவம் எது என்று அவனே கண்டுபிடிக்கிறான். சிலருக்கு முடிவிலிருந்து தொடங்கத் தோன்றும். விடுங்கள்.

7. சிவப்பு மையைக் குறையுங்கள்.

‘நன்று’ என்று எழுதிக் கையெழுத்துப் போடுவதால் பயனில்லை. பக்கம் முழுக்கப் பிழை சுழித்தாலும் பிள்ளை அடுத்த முறை பிழை வராத நான்கு வரியோடு நிறுத்திக்கொள்வான். பென்சிலால் அடியில் ஒரு கேள்வி எழுதுங்கள்: “கிணற்றில் தண்ணீர் குறைந்ததும் அப்பா என்ன சொன்னார்?” அதற்கு அவன் எழுதும் பதில்தான் அடுத்த பத்தி. ர, ற, ல, ள, ழ பிழைகளில் ஒரு முறைக்கு இரண்டோ மூன்றோ எடுத்துச் சொன்னால் போதும். மிச்சத்தை இலக்கண வகுப்பில் பார்த்துக்கொள்ளலாம்.

8. காயத்தை எழுதச் சொல்லாதீர்கள். தானாக எழுதினால் காப்பாற்றுங்கள்.

2023 மே மாதம் மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்தில் விஷச் சாராயம் குடித்துப் பலர் இறந்தார்கள். நம் பள்ளிகளில் வழக்கமாகக் கொடுக்கும் தலைப்புகளில் ‘மதுவின் தீமைகள்’ ஒன்று. அப்பாவை அப்படிப் பறிகொடுத்த பிள்ளை உட்கார்ந்திருக்கும் வகுப்பில் அந்தத் தலைப்பை எழுதிப்போடும் முன் யோசியுங்கள். உட்தலைப்புகளோடு எழுதச் சொல்வதும் கொடுமை, “உன் வீட்டில் நடந்ததை எழுது” என்பது அதைவிடக் கொடுமை. ஒரு வகுப்புக்கு எப்போதும் மூன்று தலைப்பாவது கொடுங்கள், விலகிக்கொள்ள வழி இருக்கட்டும்.

பெருமாள்முருகன் தொகுத்து 2013இல் வந்த ‘சாதியும் நானும்’ நூலில் 32 பேர் சாதி தங்களைத் தொட்ட விதத்தை எழுதியிருக்கிறார்கள். பலர் அவருடைய மாணவர்கள். சொந்த அனுபவத்தை எழுதும் துணிவை ஓர் ஆசிரியரால் வளர்க்க முடியும் என்பதற்குத் தமிழில் நல்ல எடுத்துக்காட்டு அது. நீங்கள் கட்டாயம் படிக்க வேண்டும். ஆனால் அவர்கள் வளர்ந்தவர்கள், அச்சில் வரும் என்று தெரிந்து எழுதியவர்கள். பன்னிரண்டு வயதுப் பிள்ளை உங்களை நம்பி எழுதுகிறது. அந்தப் பக்கத்தை வகுப்பில் வாசிக்காதீர்கள், ஆசிரியர் அறையில் பேசாதீர்கள். அடியில் திருத்தம் வேண்டாம். “படித்தேன், பேச வேண்டும் என்றால் நான் இருக்கிறேன்” என்று எழுதினால் போதும். பிள்ளைக்கு ஆபத்து இருப்பதாகத் தெரிந்தால் மட்டும் மறைக்கக் கூடாது. தலைமையாசிரியரிடம் சொல்லுங்கள், குழந்தைகள் உதவி எண் 1098 இருக்கிறது.

9. நீங்களும் எழுதுங்கள்.

அதே பாடவேளையில், அதே தலைப்பில், அவர்களோடு உட்கார்ந்து. பிறகு வாசித்துக் காட்டுங்கள். பிள்ளைகள் கேள்வி கேட்டால் பதில் சொல்லுங்கள்.

10. எழுதியதற்கு வாசகர் வேண்டும்.

பள்ளிக் கல்வித் துறை நடத்தும் ‘ஊஞ்சல்’, ‘தேன்சிட்டு’ இதழ்களுக்கு அனுப்பலாம். ஆனால் அதில் இடம்பிடிப்பவர் சிலர்தான். வகுப்புக்கென்று ஒரு கையெழுத்து இதழ் போடுங்கள், ஆண்டுக்குள் ஒவ்வொரு பிள்ளையும் ஒரு முறையாவது அதில் வர வேண்டும். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் இரண்டு கட்டுரை வாசிக்கச் செய்யுங்கள். அளத்து வேலையை எழுதிய பிள்ளையை அளத்துக்குப் போகும் தாய்மார்கள் முன் வாசிக்க வைத்தால், “பாத்திய அப்படி மிதிக்க மாட்டோம்” என்று ஒருவராவது திருத்துவார். அந்தத் திருத்தத்தை நோட்டில் ஏற்றச் சொல்லுங்கள். எதை வெளியில் காட்டுவது, எதைக் காட்டக் கூடாது என்று முடிவு செய்வது பிள்ளைதான். ஆண்டு இறுதியில் பழைய தாளோடு எடைக்குப் போட்டுவிடாமல் அந்த நோட்டை அவரவர் கையில் கொடுத்தனுப்புங்கள்.