பிள்ளையின் நாட்டமும் பெற்றோரின் கவலையும்

அல்லாஹ்வின் திருப்பெயரால் துவங்குகிறேன்.

பிளஸ் டூ தேர்வு முடிவு வரும் மே மாதத்தில் நம் வீடுகளில் ஒரே பேச்சுத்தான் நடக்கிறது. பிள்ளையை எதில் சேர்ப்பது? என்ன படித்தால் வேலை கிடைக்கும்? மாமன் ஒன்று சொல்வார், சாச்சா ஒன்று சொல்வார், பக்கத்து வீட்டார் வேறொன்று சொல்வார். படிக்கப் போகும் பிள்ளையின் வாயைத்தான் யாரும் கிளறிப் பார்ப்பதில்லை.

சென்ற ஆண்டு அப்படியொரு நாளில் அஸர் தொழுகைக்குப் பின் ஒரு வாப்பாவும் மகனும் என்னிடம் வந்தார்கள். வாப்பா பதினெட்டு ஆண்டுகள் வளைகுடாவில் உழைத்துத் திரும்பியவர். வீட்டில் இன்னும் இரண்டு குமர்கள் இருக்கிறார்கள். மகன் வணிகப் பாடம் எடுத்து நல்ல மதிப்பெண்ணில் தேறியிருக்கிறான். ஆனால், ஓவியக் கல்லூரியில்தான் சேருவேன் என்கிறான்.

“அஸ்ரத், நீங்களே சொல்லுங்க. சித்திரம் போட்டா வீட்டுல உலை கொதிக்குமா? மார்க்கத்துல இதுக்கு இடமில்லேன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க. நீங்க சொன்னா கேட்பான்” என்றார் வாப்பா. பையன் தலை குனிந்து நின்றான். அவன் கையில் ஒரு நோட்டுப் புத்தகம் இருந்தது.

அந்த ஒரு வார்த்தையைச் சொல்வது எனக்கு எளிதுதான். ஏழு ஆண்டுகளுக்கு முன், நான் இமாமத்துக்கு வந்த புதிதில், இதே போல வந்த இன்னொரு வீட்டாரிடம் அதைச் சொல்லியும் இருக்கிறேன். பெற்றோருக்குக் கீழ்ப்படிவதன் சிறப்பைப் பற்றிப் பத்து நிமிடம் பேசி, “வாப்பா சொல்றதைக் கேள் தம்பி” என்று அந்தப் பையனை அனுப்பி வைத்தேன். அவன் கேட்டான், பொறியியலில் சேர்ந்தான். பாடங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகத் தேங்கி, மூன்றாம் ஆண்டில் படிப்பை விட்டுவிட்டான். கடனும் மிஞ்சியது, மனக்கசப்பும் மிஞ்சியது. இன்று தெருவில் எதிர்ப்பட்டால் ஸலாம் சொல்லுகிறான். ஆனால், முகத்தைப் பார்ப்பதில்லை. அவனிடம் நான் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லையே என்ற உறுத்தல்தான் இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியது.

வாப்பாவின் கவலை உலக ஆசை அல்ல

முதலில் பெற்றோர் பக்கம் உள்ள நியாயத்தைப் பார்ப்போம். ஹலாலான சம்பாத்தியம் நம் மார்க்கத்தில் இபாதத்தைச் சேர்ந்தது. தன் கையால் உழைத்து உண்பதைவிட மேலான உணவை எவரும் உண்டதில்லை என்றும், நபி தாவூது (அலை) அவர்கள் தம் கையுழைப்பிலிருந்தே உண்டு வந்தார்கள் என்றும் கருத்துத் தரும் ஹதீஸ் புகாரியில் இருக்கிறது. நபி ஸக்கரிய்யா (அலை) அவர்கள் தச்சராக இருந்தார்கள் என்று முஸ்லிமில் வருகிறது. தன் பொறுப்பில் உள்ளோருக்கு உணவளிக்காமல் அவர்களைப் பாழாக விடுவதே ஒரு மனிதனைப் பாவியாக்கப் போதும் என்ற எச்சரிக்கை அபூதாவூதில் உள்ளது.

ஆகவே, “உலை கொதிக்குமா?” என்று கேட்கும் வாப்பாவைப் பணத்தாசை பிடித்தவர் என்று இளைஞர்கள் எண்ணிவிடக் கூடாது. அவர் தம் கடமையைப் பற்றித்தான் பேசுகிறார். நாளை உங்கள் கடமையாகப் போவதைத்தான் அவர் இன்று உங்கள் சார்பில் நினைக்கிறார்.

திறமையும் அமானிதமே

ஆனால், இது பாதிப் பேச்சுத்தான். மறுபாதியையும் படிக்க வேண்டும்.

மதீனாவில் மஸ்ஜித் கட்டும் வேலை நடந்தபோது, யமாமாவிலிருந்து வந்த தல்க் இப்னு அலீ (ரலி) அவர்கள் களிமண் குழைப்பதில் கைதேர்ந்தவராக இருந்தார்கள். மண் வேலையை அவரிடம் விடுங்கள், உங்களில் அதை நன்கு அறிந்தவர் அவரே என்ற கருத்தில் நாயகம் (ஸல்) அவர்கள் சொன்னதாக ஹதீஸில் வருகிறது. ஜைது இப்னு ஸாபித் (ரலி) அவர்களோ சிறுவர். அவருடைய அறிவுக் கூர்மையைக் கண்டு, யூதர்களின் எழுத்தைக் கற்கும்படி பணித்தார்கள். ஏறக்குறைய அரை மாதத்தில் அவர் கற்றுத் தேர்ந்தார். பின்னாளில் அபூபக்கர் (ரலி) அவர்கள் காலத்தில் திருக்குர்ஆனை ஒன்று திரட்டும் மாபெரும் பொறுப்பும் அவரிடமே வந்து சேர்ந்தது. கவிஞரான ஹஸ்ஸான் இப்னு ஸாபித் (ரலி) அவர்களுக்குப் பள்ளிவாசலிலேயே மிம்பர் போட்டுக் கொடுக்கப்பட்டது.

மண் குழைப்பவர், எழுத்துக் கற்றவர், கவி பாடுபவர் என்று மூவரும் மூன்று விதம். யாரையும் இன்னொருவர் மாதிரி ஆகும்படி நாயகம் (ஸல்) அவர்கள் சொல்லவில்லை. கவிஞர்களைக் கண்டிக்கும் ‘அஷ்ஷுஅரா’ அத்தியாயம்கூட, ஈமான் கொண்டு நற்செயல் புரிவோரைப் பிரித்துக் காட்டித்தான் முடிகிறது (26:227). ஒரு கலை எதற்குப் பயன்படுகிறது என்பதே கேள்வி என்பது இதிலிருந்து விளங்குகிறது.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் (மறைவு ஹிஜ்ரி 505, கி.பி. 1111) தம் ‘இஹ்யா’வில் மருத்துவம், கணக்கு ஆகியவற்றோடு நெசவு, விவசாயம் போன்ற தொழில்களையும் சமுதாயத்தின் மீதுள்ள ‘பர்ளு கிஃபாயா’ கடமைகளில் சேர்க்கிறார்கள். பல ஊர்களில் முஸ்லிம் மருத்துவரே இல்லாதிருக்க, எல்லோரும் ஒரே கல்வியில் போய்க் குவிகிறார்களே என்று வருந்தவும் செய்கிறார்கள். எல்லாப் பிள்ளைகளையும் ஒரே வாசல் வழியாகத் தள்ளும் நமக்கும் அந்த வருத்தம் பொருந்தும்.

இப்னு அப்பாஸ் (ரலி) திறந்த கதவு

ஓவியம் என்றதும் எழும் மார்க்கச் சட்டத்தை மறைக்க முடியாது. உயிருள்ளவற்றின் உருவம் வரைவது பற்றிக் கடும் எச்சரிக்கைகள் ஹதீஸ்களில் வந்துள்ளன. இந்த நிலையில் ஒரு கலைஞனிடம் எப்படிப் பேச வேண்டும் என்பதற்கு புகாரியில் ஒரு சம்பவம் இருக்கிறது.

ஒரு மனிதர் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களிடம் வந்து, என் பிழைப்பு என் கைத்தொழிலில்தான் இருக்கிறது, நான் உருவங்கள் செய்கிறவன் என்றார். அவர்கள் தாம் நபி (ஸல்) அவர்களிடம் கேட்ட எச்சரிக்கையை எடுத்துச் சொன்னார்கள். அதைக் கேட்டு அந்த மனிதர் பெருமூச்சு விட்டார், முகம் மஞ்சளித்துப் போயிற்று. அப்போது அவர்கள், செய்தே ஆக வேண்டுமென்றால் மரத்தையும் உயிரற்ற பொருள்களையும் செய்துகொள் என்று வழி காட்டினார்கள்.

ஆலிம்களாகிய நாங்கள் இதைத் திரும்பத் திரும்பப் படிக்க வேண்டும். அவர்கள் சட்டத்தைத் தளர்த்தவில்லை, ஆளையும் விரட்டிவிடவில்லை. மூட வேண்டிய கதவை மூடியதும், திறந்திருக்கும் கதவு எது என்று காட்டினார்கள். அந்தக் கதவின் வழியாகத்தான் குர்ஆன் பிரதிகளின் எழுத்தணியும், பள்ளிவாசல்களின் கொடி வேலைப்பாடும், கம்பள நெசவும் வளர்ந்தன. இன்று அச்சுப் பக்க அமைப்பு, துணி வடிவமைப்பு, மண்பாண்டக் கலை, மரச்சாமான், கட்டடக் கலை என்று அது இன்னும் அகன்றிருக்கிறது.

வாழ்ந்து காட்டியவர்கள்

கலையா, பிழைப்பா என்று இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதும் சரியல்ல. நம்மிடையே வாழ்ந்தவர்களைப் பாருங்கள்.

நீதிபதி மு.மு. இஸ்மாயீல் (1921–2005) சட்டம் படித்துச் சென்னை உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியாக உயர்ந்தவர். தமிழ் இலக்கியத்தில் அவருக்கிருந்த ஆழத்தைத் தமிழகமே அறியும். அவருடைய தொழில் வேறு, நாட்டம் வேறு. கவிக்கோ அப்துல் ரகுமான் (1937–2017) வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரியில் தமிழ்ப் பேராசிரியராக இருந்தவர். ‘ஆலாபனை’ நூலுக்காக 1999-இல் சாகித்திய அகாதமி விருது பெற்றார். அவர் தம் நாட்டத்துக்குப் பக்கத்திலேயே தொழிலை அமைத்துக் கொண்டார். தோப்பில் முஹம்மது மீரான் (1944–2019) வணிகம் செய்துகொண்டே நாவல் எழுதியவர். ‘சாய்வு நாற்காலி’க்கு 1997-இல் அதே விருது கிடைத்தது.

கலையே தொழிலானவரும் உண்டு. உதுமானியத் தலைமைக் கட்டடக் கலைஞர் சினான் 1539 முதல் 1588-இல் மறையும்வரை அந்தப் பதவியில் இருந்தார். இஸ்தான்புல்லின் சுலைமானிய்யா பள்ளிவாசல் (1557) அவர் கைவண்ணம். ஆனால், அவர் பட்டாளத்தில் சேர்ந்து, படைகளுக்குப் பாலம் கட்டி, ஏறக்குறைய ஐம்பது வயதில்தான் அந்த இடத்துக்கு வந்தார். பதினெட்டு வயதில் அவசரப்படும் தம்பிமார்கள் இதை மனத்தில் வைக்க வேண்டும்.

முடிவெடுக்கும் முறை

1. பிள்ளையிடம் கேளுங்கள். நபி இப்ராஹீம் (அலை) அவர்கள் இறைவனின் கட்டளையைப் பெற்ற பிறகும் தம் மகனிடம், உன் கருத்தென்ன என்று கேட்டதாகத் திருமறை கூறுகிறது (37:102). இரண்டு வயது நிறைவதற்கு முன் பால்குடி மறக்கச் செய்வதற்குக்கூடப் பெற்றோர் இருவரின் சம்மதமும் ஆலோசனையும் வேண்டும் என்கிறது இன்னொரு வசனம் (2:233). பால்குடிக்கே மஷ்வரா என்றால், வாழ்நாள் தொழிலுக்கு எவ்வளவு வேண்டும்! பெண் மக்கள் விஷயத்திலும் இதே நீதிதான்.

2. நாட்டத்தைச் சோதியுங்கள். நண்பனைப் பார்த்து வந்த ஆசையா, ஆண்டுக்கணக்காக இருப்பதா? யாரும் பாராட்டாத நாளிலும் செய்கிறானா? அந்தத் துறையில் பிழைக்கும் ஒருவரிடம் அழைத்துச் சென்று வேலையைக் காட்டச் செய்யுங்கள். நம் கண்ணுக்கு நம் பிள்ளையின் கிறுக்கலும் அழகாகத் தெரியும்.

3. வாசல்களை விசாரியுங்கள். 1850-இல் தொடங்கிய சென்னை ஓவியப் பள்ளிதான் இன்றைய அரசு கவின்கலைக் கல்லூரி. கும்பகோணத்திலும் ஒன்று உண்டு. நான்காண்டுப் படிப்பு, சேர்வதற்குத் திறன் தேர்வு எழுத வேண்டும். சென்னையில் ஓவியம் மட்டுமல்லாமல் காட்சித் தொடர்பு வடிவமைப்பு, துணி, மண்பாண்டம் ஆகிய பிரிவுகளும் இருக்கின்றன. கட்டடக் கலைப் படிப்பு ஐந்தாண்டு, அதற்குக் கணிதம் படித்திருக்க வேண்டும். இதையெல்லாம் பத்தாம் வகுப்பிலேயே விசாரித்தால் பிளஸ் டூ முடிந்தபின் கைபிசைய நேராது.

4. கணக்குப் பாருங்கள். கட்டணம் எவ்வளவு? வட்டிக் கடன் இல்லாமல் முடியுமா? குடும்பம் எத்தனை ஆண்டுகள் பொறுக்கும்? இதைப் பிள்ளையிடம் மறைக்காதீர்கள். வீட்டு நிலை தெரிந்த பிள்ளைதான் பொறுப்போடு பேசும். தவணை குறித்து, அதற்குள் சம்பாதிக்கும் நிலைக்கு வராவிட்டால் அடுத்து என்ன என்பதையும் பேசி எழுதி வைத்துக் கொள்ளுங்கள்.

5. பிள்ளைகளே! ஹலாலான ஒரு தொழிலை விரும்புவதே பெற்றோருக்கு மாறு செய்வதாகிவிடாது. ஆனால், கதவை அறைந்து சாத்துவதும், உம்மாவிடம் பேசாமல் இருப்பதும், சாப்பாட்டைத் தள்ளிவைப்பதும் நிச்சயம் மாறு செய்வதுதான். மறுத்துப் பேசும்போதும் குரல் தாழ்ந்திருக்கட்டும்.

6. இஸ்திகாரா செய்யுங்கள். குர்ஆனின் அத்தியாயத்தைக் கற்பிப்பது போல நபி (ஸல்) அவர்கள் இதைத் தோழர்களுக்குக் கற்பித்தார்கள் என ஜாபிர் (ரலி) அறிவிக்கிறார்கள். இரண்டு ரக்அத் நஃபில் தொழுது, அதற்குரிய துஆவை ஓதி, நன்மையான பக்கம் திருப்பிவிடும்படி இறைவனிடம் கேட்பதே இஸ்திகாரா. கனவு வந்தே தீரும், பச்சை தெரிந்தால் செய்யலாம், சிவப்புத் தெரிந்தால் கூடாது என்பதெல்லாம் ஹதீஸில் இல்லை. படிக்கப் போகிறவன் தானே தொழ வேண்டும், வாப்பாவும் தொழலாம். பிறகு விசாரித்து, ஆலோசித்து, எளிதாகும் வழியில் தவக்குலோடு நடக்க வேண்டும்.

அந்தப் பையன் என்ன ஆனான்?

அன்று அவன் நோட்டை வாங்கிப் பார்த்தேன். பூவும் கொடியும், பல வடிவங்களில் எழுதிப் பழகிய தமிழ், அரபி எழுத்துக்களும் இருந்தன. அவற்றின் இடையே சில முகங்களும் இருந்தன. முகங்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். எழுத்துக்களை வாப்பாவிடம் காட்டி, “காக்கா, நீங்க இதைப் பார்த்திருக்கீங்களா?” என்று கேட்டேன். அவர் பார்த்ததில்லை. வளைகுடாவிலிருந்து விடுமுறைக்கு வந்துபோன மனிதர் மகனின் நோட்டை எப்போது பார்த்திருப்பார்? நெடுநேரம் புரட்டிக் கொண்டிருந்தார்.

கவின்கலைக் கல்லூரிக்கு விண்ணப்பித்தான், இடம் கிடைக்கவில்லை. ஒப்புக்கொண்டபடி பி.காம் சேர்ந்துவிட்டான். மாலையில் ஓர் அச்சகத்தில் நிக்காஹ் அழைப்பிதழ்களுக்குப் பக்கம் அமைக்கிறான். முதல் சம்பளத்தை உம்மாவிடம் கொடுத்தானாம். கணக்குப் படிப்பு அவனைக் கணக்கராக்குமா, அச்சகம் அவனைக் கலைஞனாக்குமா என்பது அல்லாஹ்வுக்கே வெளிச்சம். ஆனால், அந்த வீட்டில் வாப்பாவும் மகனும் ஒரே தட்டில் உண்கிறார்கள்.

ஏழு ஆண்டுகளுக்கு முன் நான் கேள்வி கேட்காமல் அனுப்பிய பிள்ளையை, இன்ஷா அல்லாஹ், இந்த வாரம் போய்ப் பார்க்க எண்ணியிருக்கிறேன். மன்னிப்புக் கேட்க வேண்டியவன் நான். அதன்பின் அன்று கேட்காததைக் கேட்க வேண்டும்: “தம்பி, உனக்கு எதில் விருப்பம்?”

வல்ல நாயன் நம் பிள்ளைகளுக்கு அவர்களுடைய கைத்திறனுக்கேற்ற ஹலாலான ரிஜ்கை அருள்வானாக! பெற்றோருக்குக் கேட்கும் காதையும், பிள்ளைகளுக்குத் தாழ்ந்த குரலையும் தருவானாக! ஆமீன்.