திரையைப் பார்க்காதே, ஆட்களைப் பார்!

கண்ணு, படம் திரைப்பட விழாவுக்குத் தேர்வாகிவிட்டது என்றதும் என்ன உடுத்துவது, மேடையில் என்ன பேசுவது என்றுதான் எல்லோரும் யோசனை சொல்வார்கள். அக்கா சொல்ல வருவது வேறு. முன்பின் தெரியாத கூட்டத்தோடு இருட்டில் உட்கார்ந்து உன் படத்தையே பார்க்கப்போகிறாயே, அந்த நேரத்தை வீணாக்காமல் இருப்பது எப்படி என்பது பற்றித்தான்.

நம் ஊரில் பிறந்தவரிடமிருந்தே தொடங்குகிறேன். கடலூரில் பிறந்த வெற்றிமாறனின் 'விசாரணை' 2015 செப்டம்பரில் வெனிஸ் விழாவில் திரையிடப்பட்டது. தமிழ்நாட்டுத் தியேட்டர்களுக்கு வந்தது 2016 பிப்ரவரியில். மொழி தெரியாத ஊரில் போலீஸிடம் அடிவாங்கும் தொழிலாளிகளின் கதையை, தமிழே தெரியாத கூட்டம்தான் முதலில் பார்த்தது. மூலக்கதை கோவை ஆட்டோ ஓட்டுநர் மு.சந்திரகுமார் எழுதிய 'லாக்கப்'. 1983இல் குண்டூரில் அவரே அனுபவித்தது. அவரும் வெனிஸுக்குப் போயிருந்தார். அங்கே ஆம்னஸ்டி இன்டர்நேஷனல் இத்தாலி அந்தப் படத்துக்கு விருது கொடுத்தது. எனக்கு விருதைவிடப் பெரிதாகப் படுவது, அடிபட்ட மனிதர் அந்த விழாவில் இருந்ததுதான். உன் படம் யாருடைய வாழ்க்கையோ, முடிந்தால் அவரையும் கூட்டிப் போ. செலவுக்கு வழியில்லை என்றால் என்ன செய்யலாம் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

காட்சிக்கு முன்பே ஆபரேட்டரைப் போய்ப் பார். டிசிபி, அதாவது அரங்குக்குக் கொடுத்த படத்தின் டிஜிட்டல் பிரதி, திறக்கிறதா, சப்டைட்டில் வருகிறதா, படத்தின் ஓரம் வெட்டுப்படாமல் இருக்கிறதா என்று இரண்டு நிமிடம் ஓட்டிக் காட்டச் சொல். அதோடு படத்திலேயே மிகச் சன்னமாகப் பேசும் இடத்தையும் கேட்டுவிடு. மிக்ஸிங் தியேட்டரில் வைத்த அளவைவிடக் குறைத்துத்தான் பல அரங்குகளில் சவுண்டை வைப்பார்கள். ஆட்கள் நிறைந்தால் அவர்கள் உடம்பும் உடுப்பும் இன்னும் கொஞ்சம் சத்தத்தை உறிஞ்சிவிடும். காலி அரங்கில் சரியாகக் கேட்டது என்று நம்பி இருந்துவிடாதே.

அறிமுகத்துக்கு உன்னை முன்வரிசையில் உட்கார வைப்பார்கள். விளக்கு அணைந்ததும் பின்னால் போய்விடு. பின்பக்கம், நடைபாதை ஓரச் சீட். அங்கிருந்துதான் தலைகள் தெரியும். உன் படத்தை எடிட்டிங்கில் மனப்பாடம் ஆகுமளவு பார்த்தாயிற்று, இனி திரையில் உனக்குப் புதிதாக எதுவும் இல்லை. ஆட்களைப் பார். காட்சி நீண்டுவிட்டால் முதலில் வருவது இருமல். பிறகு ஆட்கள் சீட்டில் அசைந்து உட்காருவார்கள். பிறகு எங்கோ ஒரு செல்போன் வெளிச்சம். அதே கூட்டம் ஓர் இடத்தில் அசையாமல் இருந்தால் அந்த இடத்தையும் குறித்துக்கொள். குறைகளை மட்டும் எண்ணிக்கொண்டு வருகிறவர்கள் நிறையப் பேர். எது நின்றது என்று தெரியாவிட்டால் அடுத்த படத்துக்கு உனக்குக் கையில் ஒன்றும் இருக்காது. குறிக்கச் சின்ன நோட்டும் பேனாவும் போதும், போனை எடுக்காதே.

வெளியூர் விழாவில் சிரிப்பு உன்னைக் குழப்பும். நடிகர் வாய் திறக்கும் முன்பே சிரிப்பார்கள். சப்டைட்டிலை அதற்குள் படித்துவிட்டார்கள் என்று அர்த்தம், வசனம் தோற்றுவிட்டது என்று அல்ல. அப்படி நடந்த இடங்களில் எழுத்தை இரண்டாகப் பிரித்து, பின்பாதியை நடிகர் சொல்லும்போது வரவைக்கலாம். இதை நேரில் உட்கார்ந்து பார்க்காமல் கண்டுபிடிக்கவே முடியாது.

சிதம்பரத்தில் 1981 முதல் மகா சிவராத்திரியையொட்டி நாட்டியாஞ்சலி நடன விழா நடக்கிறது. அங்கே ஆடுகிற பெண், கூட்டம் கலைவது தெரிந்தால் அபிநயத்தைச் சுருக்கலாம், ஜதியைக் கூட்டலாம். படம் எடுத்த உனக்கு அந்த வசதி கிடையாது. முடிந்துபோன வேலை கண்முன்னே ஓடும், கை கட்டி உட்கார்ந்திருக்க வேண்டும். வயிற்றைப் பிசையத்தான் செய்யும், எல்லோருக்கும் அப்படித்தான். அன்று மதியம் வயிறு முட்டச் சாப்பிடாமல் போ.

எழுந்து போகிறவர்களைப் பார்த்துக் கலங்காதே. விழாவில் ஒருவர் நாளொன்றுக்கு நாலைந்து படம் பார்ப்பார், அடுத்த அரங்குக்கு ஓட வேண்டியிருக்கும். ஒரே காட்சியில் பலர் சேர்ந்து எழுந்தால் மட்டும் அந்த இடத்தைக் குறி. படம் முடிந்த பிறகு கேள்வி கேட்பார்கள். தமிழிலேயே பதில் சொல், மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்கூட்டியே கேட்டு வாங்கு. படத்தை விளக்காதே, எப்படி எடுத்தாய் என்று சொல்.

அன்றிரவே எடிட்டரைக் கூப்பிட்டு அதை வெட்டு, இதை வெட்டு என்று சொல்லாதே. பல விழாக்களில் இரண்டாவது காட்சியும் இருக்கும். இரண்டு கூட்டமும் ஒரே இடத்தில் இருமினால்தான் கத்தரிக்கோல்.

செலவுக்கு வழியில்லை என்றால் என்ன செய்யலாம் என்றேனே, இப்போது அந்தக் கடைசி விஷயம். கிள்ளையில் மீனவர்களை வைத்து எடுத்தாயோ, பிச்சாவரம் பக்கம் இருளர் குடியிருப்பில் எடுத்தாயோ, பயண டிக்கெட் உன்னால் எல்லோருக்கும் வாங்க முடியாது. வாடகைக்கு ஒரு புரொஜெக்டர், வெள்ளைத் திரை, நல்ல ஸ்பீக்கர் இவ்வளவும் உன்னால் முடியும். நன்றாக இருட்டிய பிறகு அவர்கள் தெருவிலேயே போட்டுக் காட்டு. புரொஜெக்டர் பக்கத்தில் நிற்காதே, அவர்களோடு பாயில் உட்கார். தங்கள் முகத்தைத் திரையில் பார்க்கிற அவர்கள் எங்கே பேச்சை நிறுத்துகிறார்கள், எங்கே 'இது அப்படி இல்லையே' என்கிறார்கள் என்று கேள். எந்த விழா நடுவரும் அதை உனக்குச் சொல்ல முடியாது. விழாவுக்கு ரயில் ஏறும் முன்பே அந்தத் திரையிடலுக்குத் தேதி குறித்து, அவர்களிடம் சொல்லிவிட்டுக் கிளம்பு.