பைக்காசு யார் கல்லாவுக்குப் போகிறது?

புணே பக்கம் தாபோடியில் நம்மவர்கள் யாரிடம் பேச்சுக் கொடுத்தாலும் இதையே ஒப்பிக்கிறார்கள்: "பைக்குக் காசு வாங்கணும்னு சட்டமே இருக்கு. அந்தக் காசு சுற்றுச்சூழலுக்குப் போகுது. அதுதான் கம்பெனியோட சி.எஸ்.ஆர்., அதாவது சமூகப் பொறுப்பு." மூன்றும் பொய். பெரிய கடைகள் தங்களுக்காக வக்கீல் வைக்க வேண்டியதே இல்லை, வாடிக்கையாளர்களே வாதாடிவிடுகிறார்கள்.

மத்திய அரசின் 2011-ஆம் ஆண்டு விதிகள், கடைகள் பிளாஸ்டிக் பையை இலவசமாகத் தரக் கூடாது என்றது உண்மை. பிளாஸ்டிக் பையை மட்டும்தான். 2016-ல் புது விதிகள் வந்தன; அவற்றிலிருந்த பை விலை பற்றிய 15-ஆம் விதியும் 2018 மார்ச்சில் நீக்கப்பட்டது. அதே மாதம் மகாராஷ்டிரம் பிளாஸ்டிக் பையையே தடை செய்தது. "பிஷ்வி பாஹிஜே கா?" (பை வேண்டுமா?) என்று கேட்டு கவுண்டரில் நீட்டுகிறார்களே, அந்தக் காகிதப் பைக்குக் காசு வாங்கியே ஆக வேண்டும் என்று எந்த விதி சொல்கிறது?

பில்லைப் பாருங்கள். பருப்பு, எண்ணெய்க்குக் கீழே பையும் ஒரு சரக்கு. அந்தக் காசு கடையின் விற்பனை வரவு. சி.எஸ்.ஆர். என்பது கம்பெனி தன் கைப்பணத்தைச் செலவிடுவது.

சண்டிகரில் பாட்டா கடை ஒருவரிடம் காகிதப் பைக்கு 3 ரூபாய் வாங்கியது. பையில் கடையின் விளம்பரம்! காசு கொடுத்தவரையே விளம்பரப் பலகையாக்குவதா என்ற கோணத்தில் பார்த்த நுகர்வோர் மன்றம், 2019-ல் இழப்பீடு, செலவு எல்லாம் சேர்த்து 9,000 ரூபாய் கட்டச் சொன்னது. 2020 டிசம்பரில் பிக் பஜார் வழக்கில் தேசிய நுகர்வோர் ஆணையமும் கண்டித்தது: பைக்குக் காசு உண்டு என்பதையும் எவ்வளவு என்பதையும் பொருளை எடுக்கும் முன்பே சொல்ல வேண்டும், பில் போடும்போது சொல்வது முறையற்ற வணிகம். பை இலவசம் என்று ஆணையம் சொல்லவில்லை. அதையும் சிலர் வாட்ஸ்அப்பில் திரித்துவிட்டார்கள்.

மற்றவை சில்லறைப் பொய்கள். சி.எஸ்.ஆர். விற்பனையில் 2 சதவீதமாம். இல்லை, மூன்று ஆண்டு சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதம். அதுவும் 5 கோடி லாபம் போன்ற வரம்பைத் தொட்ட கம்பெனிகளுக்குத்தான், மூலை மளிகைக் கடைக்கு அல்ல. அதைத் தொழில் செலவாக எழுதி வரியைக் குறைத்துவிடுவார்களாம். வருமான வரிச் சட்டம் 2014-லேயே அந்த வழியை அடைத்துவிட்டது. "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்று பில்லில் அச்சடித்தால் செல்லுமாம். பழுதான பொருளுக்குச் செல்லாது. கடைக்காரர் தகராறு செய்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு போன் போடுங்கள்.

மறுபடி பைக்கே வருவோம். துணிபோல இருக்கும் நான்-வோவன் பை துணியே அல்ல, பாலிப்ராப்பிலீன். பிளாஸ்டிக்தான்! தாம்பூலத்துக்குக்கூட இப்போது இதைத்தான் கொடுக்கிறோம், வெட்கமாக இல்லையா? நல்ல பருத்தி மஞ்சப்பை எங்கே போயிற்று? இந்தப் பக்கம் கடை விரித்திருக்கும் கம்பெனிகள் சி.எஸ்.ஆர். பணத்தில் பசத் கட் (சுயஉதவிக் குழு) பெண்களுக்கு மஞ்சப்பை தைக்கத் தையல் மெஷின் வாங்கித் தரட்டும். வாழ்வாதாரத் திட்டங்களுக்கு கம்பெனிச் சட்டத்தின் ஏழாம் அட்டவணையில் இடமிருக்கிறது. தைக்கிற பையில் கடை பெயரை மட்டும் போடச் சொல்லக் கூடாது. விளம்பர ஆதாயத்துக்காகத் தரும் பணத்தை சி.எஸ்.ஆர். விதிகளின் 2021 திருத்தம் அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை.