பையன் கார் ஓட்ட ஆரம்பிச்சுட்டான்: இன்சூரன்ஸ்ல அவன் பேரைச் சேர்க்கணுமா?

போன மாசம் மதுரையில இருந்து அத்தான் போன் பண்ணார். "மாப்ள, பெரியவனுக்கு லைசென்ஸ் வந்துடுச்சு. இனிமே நம்ம காரை எடுப்பான். இன்சூரன்ஸ்ல அவன் பேரையும் சேர்க்கணுமா? எவ்வளவு ஆகும்?" அவரோட தம்பி அமெரிக்காவில இருக்கார். அங்க பொண்ணு லைசென்ஸ் எடுத்ததும் பாலிசியில பேரைச் சேர்த்தாங்களாம், பிரீமியம் எகிறிடுச்சாம். அந்த பயம் இவருக்கு.

பேர் சேர்க்க வேண்டாம், ஒரு ரூபாய் கூட ஏறாதுன்னு சொன்னேன். சந்தோஷமா போனை வைக்கப் பார்த்தார். "இருங்க அத்தான், பிரச்சினையே அங்கதான் ஆரம்பிக்குது"ன்னு நிறுத்தினேன்.

அமெரிக்கா, இங்கிலாந்து மாதிரி நாடுகள்ல வீட்டில யார் யார் ஓட்டுறாங்க, என்ன வயசு, எத்தனை வருஷ அனுபவம்னு கேட்டுத்தான் பிரீமியம் போடுவாங்க. இளம் டிரைவர்கள் அதிகமா விபத்துல மாட்டுறாங்கங்கறதால அவங்களுக்கு விலை அதிகம். நம்ம ஊர்ல பாலிசி வண்டி மேல இருக்கு, டிரைவர் மேல இல்ல. தேர்ட் பார்ட்டி பிரீமியம் முழுக்க இன்ஜின் சிசியைப் பொறுத்தது. 2022 ஜூன்ல அமலுக்கு வந்த கட்டணப்படி 1000 சிசி வரைக்கும் 2,094 ரூபாய், 1500 சிசி வரைக்கும் 3,416, அதுக்கு மேல 7,897. ஓன் டேமேஜ் பகுதிக்கு வண்டியோட மதிப்பு, வயசு, சிசி, எந்த ஊர்ல பதிவானதுங்கறதைப் பார்ப்பாங்க. செல்லுபடியாகுற லைசென்ஸ் இருந்தா யார் ஓட்டினாலும் பாலிசி நிக்கும். ஓட்டுற விதத்தைக் கருவி வச்சுக் கணக்குப் பண்ற புது வகை ஆட்-ஆன் எடுத்திருந்தா மட்டும் பையன் ஓட்டுறது விலையைத் தொடலாம்.

சரி, அவன் ஓட்டும்போது விபத்து நடந்தா யாருக்கு என்ன கிடைக்கும்? ரோட்டில போறவருக்கு அடிபட்டா தேர்ட் பார்ட்டி கவர் இருக்கு. உயிரிழப்பு, காயத்துக்கு அதுல உச்சவரம்பே கிடையாது. நம்ம காருக்கு அடின்னா ஓன் டேமேஜ் இருக்கு. ஓட்டின பையனுக்கு அடிபட்டா?

அங்கதான் ஓட்டை. பாலிசியில கட்டாயமா வர்ற 15 லட்சம் ரூபாய் தனிநபர் விபத்து கவர் பேரிலேயே "ஓனர்-டிரைவர்"னு இருக்கு. ஆர்.சி. புக்குல பேர் இருக்கற ஓனர், தானே லைசென்ஸும் வச்சிருந்தால்தான் அவருக்கு அது உண்டு. பையனுக்கு இல்ல. "அவனும் ஒரு மனுஷன்தானே, தேர்ட் பார்ட்டியா கேட்கலாமே"ன்னு அத்தான் கேட்டார். முடியாது. அடுத்தவர் வண்டியை வாங்கி ஓட்டுறவர் அந்த ஓனர் இடத்துலயே நிக்கிறார், அதனால அந்த வண்டியோட இன்சூரன்ஸ்ல தேர்ட் பார்ட்டியா இழப்பீடு கேட்க முடியாதுன்னு உச்ச நீதிமன்றம் 2009-லயும் 2020-லயும் சொல்லியிருக்கு. எதிர்ல வந்த வண்டி மேல தப்புன்னா அந்த வண்டியோட கம்பெனிகிட்ட கேட்கலாம். பையன் தானாப் போய் மரத்துல மோதினா கேட்க ஆள் கிடையாது.

இன்னொரு விஷயம். நிறைய வீட்டில புதுக் கார் வாங்கினதும் பழைய காரைப் பையனுக்குக் கொடுத்துடுவாங்க. அதுக்கு வெறும் தேர்ட் பார்ட்டி பாலிசிதான் இருக்கும். அதுல, அவன் கூட ஓசியில ஏறி வர்ற கல்லூரி நண்பர்களுக்குக் கவர் கிடையாது. காம்ப்ரிஹென்சிவ் பாலிசின்னா உண்டு. நாலு பசங்களை ஏத்திக்கிட்டு கொடைக்கானல் போறவன் கையில எந்த பாலிசி வண்டி இருக்குன்னு ஒரு தடவை எடுத்துப் பாருங்க.

சின்ன இடி, பெரிய கணக்கு

புதுசா ஓட்டுறவங்க முதல் வருஷத்துல பம்பரை எங்கயாவது உரசுவாங்க, அது நடக்கும். உடனே கிளெய்ம் போடாதீங்க. அத்தானோட ஓன் டேமேஜ் பிரீமியம் 12,000 ரூபாய்னு வச்சுக்குவோம். அஞ்சு வருஷமா கிளெய்ம் இல்லாததால 50% நோ கிளெய்ம் போனஸ் போக 6,000தான் கட்டுறார். பம்பர் வேலைக்கு 9,000 பில். கட்டாய டிடக்டிபிள் 1,000, பிளாஸ்டிக் பாகத்துக்குத் தேய்மானம் எல்லாம் போக கைக்கு 6,000 பக்கம் வரலாம்.

ஆனா அடுத்த ரினியூவல்ல போனஸ் சைபர். அந்த வருஷம் 6,000 கூடுதல். அப்புறம் போனஸ் 20, 25, 35, 45னு ஏறி, மறுபடி 50-க்கு வர்ற வரைக்கும் 3,600, 3,000, 1,800, 600 போகும். மொத்தம் 15,000. 18% ஜிஎஸ்டி சேர்த்தா 17,700. வண்டி மதிப்பு வருஷா வருஷம் குறையறதால நிஜத்துல இது கொஞ்சம் கம்மியா வரும். ஆனாலும் 6,000 வாங்க அதைப்போல ரெண்டு மடங்குக்கு மேல விடுறோம். போனஸைக் காப்பாத்துற ஆட்-ஆன் இருக்கு. பையன் ஓட்ட ஆரம்பிக்கிற முதல் ரெண்டு வருஷத்துக்கு மட்டுமாவது அதைப் போடுறது எனக்குச் சரின்னு படுது.

எல்.எல்.ஆர். காலத்தைப் பத்தியும் சொல்லணும். எல் போர்டு மாட்டி, லைசென்ஸ் உள்ள ஒருத்தர் பக்கத்துல உட்கார்ந்திருந்தா பாலிசி செல்லும். தனியா எடுத்துட்டுப் போய் இடிச்சா ஓன் டேமேஜ் கிளெய்ம் நிராகரிக்கப்படும். அடிபட்டவருக்குக் கம்பெனி முதல்ல கட்டினாலும், அந்தப் பணத்தை ஓனர்கிட்ட இருந்து வசூல் பண்ண கோர்ட் அனுமதிக்கலாம். 18 வயசு ஆகாத பிள்ளைகிட்ட சாவியைக் கொடுத்தா கதையே வேற. 2019 திருத்தச் சட்டப்படி பெற்றோர் அல்லது ஓனருக்கு 25,000 ரூபாய் அபராதம், 3 வருஷம் வரைக்கும் சிறை, 12 மாசம் வண்டிப் பதிவு ரத்து, அந்தப் பிள்ளைக்கு 25 வயசு வரைக்கும் லைசென்ஸ் கிடையாது.

அத்தான் வீட்டில என்ன பண்ணோம்

ஆர்.சி. போட்டோவை வாட்ஸ்அப்ல அனுப்பச் சொன்னேன். கார் அக்கா பேர்ல இருந்தது. அக்காவுக்கு லைசென்ஸே இல்ல! அப்போ அந்த ஓனர்-டிரைவர் கவர் அக்காவுக்கும் பயன்படாது. ஆறு வருஷமா தினமும் ஓட்டுற அத்தானும் மருமகன் இருக்கற அதே இடத்துலதான் இருந்திருக்கார். ராசி பார்த்து வீட்டுக்காரம்மா பேர்ல வண்டி எடுத்தவங்க எல்லாரும் இதை ஒரு தடவை பாருங்க.

ரெண்டு வழி இருக்கு. கார் பாலிசியிலேயே பேர் குறிப்பிட்டு தனிநபர் விபத்து கவர் சேர்க்கலாம். இல்லன்னா தனியா ஒரு தனிநபர் விபத்து பாலிசி எடுக்கலாம். எனக்கு ரெண்டாவதுதான் பிடிக்கும். பைக்கில போனாலும், பஸ்ல போனாலும், நண்பன் காரை ஓட்டினாலும் அது கூடவே வரும். எல்லாக் கம்பெனியிலும் ஒரே விதிகளோட கிடைக்கட்டும்னு ஐஆர்டிஏஐ 2021-ல கொண்டு வந்த "சரல் சுரக்ஷா பீமா"வில 2.5 லட்சத்துல இருந்து 1 கோடி வரைக்கும் எடுக்கலாம். பிரீமியம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஆனா காருக்குக் கட்டறதோட வச்சுப் பார்த்தா சின்னத் தொகை. வாங்கும்போது உயிரிழப்புக்கு மட்டுமா, நிரந்தர ஊனத்துக்கும் உண்டான்னு பாருங்க. 19 வயசுப் பையனுக்கு அந்த ரெண்டாவதுதான் முக்கியம். இன்னும் சம்பாதிக்காத பிள்ளைங்களுக்குச் சில கம்பெனிகள் கேட்ட தொகையைத் தராது, அப்பா எடுக்கற தொகையில ஒரு பங்குதான் தரும். அதனால அத்தான் தன் பேர்ல பெரிய தொகைக்கு எடுத்து, மருமகனை அதுல சேர்த்தார். ரினியூவல் வரைக்கும் காத்திருக்கல, அந்த வாரமே எடுத்தாச்சு. பாலிசி கைக்கு வர்ற வரைக்கும் சாவி அக்காகிட்டதான் இருந்தது.