உள்ளுணர்வும் அளவையும்

உள்ளத்தில் தோன்றியதே உண்மை, அதனை நம்பி நடத்தல் போதும் என்னுங் கொள்கை இந்நாளிற் பெரிதும் வழங்குகின்றது. சைவ நன்மக்களுள்ளும் சிலர் அத்தோற்றத்தினைத் திருவருட் குறிப்பென்றே கொண்டு ஒழுகக் காண்கின்றோம். ஆகலின் இதனை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரில் வாயிற்காட்சி, மானதக் காட்சி, தன்வேதனைக் காட்சி, யோகக் காட்சி எனக் காட்சியை நால்வகைப்படுத்து அருளினார். உலகத்தார் உள்ளுணர்வு என்பது, பின்னின்ற இரண்டனையும் பிரித்தறியாது கூறுங் கூற்றேயாம். அராகம் முதலியவற்றின் வாயிலாக இன்ப துன்பங்கள் ஆன்மவறிவில் விளங்குதல் தன்வேதனை. சமாதியான் மலவலி மெலிந்தவிடத்து, இடத்தானுங் காலத்தானும் மறைந்தவற்றை உணர்தல் யோகக் காட்சி. முன்னையது எல்லார்க்கும் உரியது. பின்னையது மிக அரியது. தோற்றத்தின் வலிமை ஒன்றே கொண்டு அஃது எதன்பாற்பட்டது எனத் துணிதல் இயலாது. விருப்பும் அச்சமும் ஞானத்தினும் உரத்துப் பேசுவன அல்லவோ?

கணித மேதை இராமாநுசர் 1913-இல் சென்னையினின்றும் கேம்பிரிட்ஜ் ஆசிரியர் ஹார்டிக்கு எழுதிய முடிபுகள் பல, வியத்தகு மெய்ம்மை உடையன. பகா எண்களைப் பற்றியவற்றுட் சிலவோ பிழைபட்டன. இருவகையும் அவர் உறுதியாகவே எழுதியவை. நிறுவுதலே அவற்றை வேறு பிரித்தது.

அற்றேல் உள்ளுணர்வை வளர்த்தல் யாங்ஙனம் எனின், உயிர் சார்ந்ததன் வண்ணமாவது ஆகலின், புதிதொன்றைக் கூட்டுதல் வேண்டா. மறைப்பு நீங்குதலே வேண்டும். அது சரியை முதலிய நெறியானும் குரு அருளானும் ஆவது.

கண்ணப்பர் ஆராய்ச்சியின்றி உள்ளத்து எழுச்சி பற்றியன்றோ கண்ணிடந்து அப்பினார் என்பாரும் உளர். பெரியபுராணத்தைக் கூர்ந்து நோக்கினார் அங்ஙனங் கூறார். குருதி கண்ட அவர், ஊறு செய்தாரை முதலில் தேடினார். காணாராய்ப் பச்சிலை கொணர்ந்து பிழிந்தார். அதனானும் நில்லாமை கண்ட பின்னரே, ஊனின் நோய்க்கு ஊனே மருந்து என முன் கேட்டிருந்த உரையை நினைந்தார். தேடலும் ஆய்தலும் உரையளவையும் அவ்வன்பினுள்ளேயே நிகழ்ந்தன. மற்றைக் கண்ணிலுங் குருதி தோன்றியபோது அவர் அஞ்சாமைக்குக் காரணம், அம்மருந்து பயன்பட்டதனை முன்னரே கண்டிருந்தமையாம்.