காதணி விழா: மரபும் முறையும்

குழந்தைக்கு முதல் முடி இறக்குவதும் காது குத்துவதும் குலதெய்வத்தின் திருமுன் நிகழவேண்டும் என்பது தமிழகக் குடும்பங்கள் பலவற்றில் தலைமுறை தலைமுறையாக வரும் வழக்கமாகும். தாய்மாமன் மடியில் குழந்தையை அமர்த்துவர்; பொற்கொல்லர் பொற்கம்பியால் செவியைத் துளைத்து அணி பூட்டுவார்; உற்றார் சீர்வரிசையுடன் வந்து வாழ்த்துவர். வடமொழியில் இது கர்ணவேதம் எனப்படும். மனித வாழ்வைச் செம்மைப்படுத்தும் பதினாறு சடங்குகளுள் ஒன்றாக வைத்து இதனை எண்ணுவது மரபு.

பெயர் சூட்டல், சோறூட்டல் முதலிய சடங்குகளில் குழந்தைக்கு வலி இல்லை. இச்சடங்கிலோ குழந்தையின் உடலில் ஊசி படுகிறது. ஆகவேதான் முன்னோர் இதற்குப் பருவம், இடம், கருவி, பின்காப்பு ஆகிய அனைத்தையும் வரையறுத்து வைத்தனர்.

இறைவன் திருச்செவியில்

கூத்தப்பெருமானின் செப்புத் திருமேனிகளை உற்று நோக்குவோர் இரு செவிகளிலும் அணி வேறுபடுவதைக் காணலாம். வலச்செவியில் மகரக்குழையும் இடச்செவியில் தோடும் விளங்கும். குழை ஆடவர்க்கும் தோடு மகளிர்க்கும் உரியன. அம்மையும் அப்பனும் ஓருருவாய் நிற்கும் தத்துவத்தை இவ்விரு அணிகளே உணர்த்துகின்றன. திருஞானசம்பந்தர் சீர்காழியில் அருளிய முதல் பதிகமும் இறைவன் செவியில் விளங்கும் தோட்டைச் சொல்லியே தொடங்குகிறது. செவியணியை மங்கலமாகக் கருதும் மனப்பாங்குக்கு இத்திருவுருவங்கள் துணைநின்றன எனலாம்.

சுசுருதர் வகுத்த முறை

பண்டைய அறுவை மருத்துவ நூலாகிய சுசுருத சங்கிதை, சூத்திரத் தானத்தின் 16ஆம் இயலில் காது குத்தும் முறையை விரிவாகக் கூறுகிறது. காத்தலும் அணிசெய்தலுமே இதன் நோக்கங்கள் என்று அந்நூல் தொடக்கத்திலேயே குறிப்பிடுகிறது.

குழந்தையின் ஆறாம் அல்லது ஏழாம் மாதத்தில், வளர்பிறையில் நல்ல நாள் பார்த்து இதனைச் செய்யவேண்டும். செவிலியின் மடியில் குழந்தையை அமர்த்தி, விளையாட்டுப் பொருள்களைக் காட்டி ஆற்றுப்படுத்த வேண்டும். ஆண் குழந்தைக்கு வலச்செவியையும் பெண் குழந்தைக்கு இடச்செவியையும் முதலில் குத்தவேண்டும். மருத்துவர் இடக்கையால் மடலை இழுத்துப் பிடித்து, கதிரொளி ஊடுருவித் தெரியும் இடத்தைத் தேர்ந்து, மெல்ல நேராகத் துளைக்க வேண்டும். அவ்விடத்தைத் தெய்வம் அமைத்த துளை என்றே நூல் சொல்லும். மடல் மெல்லியதாயின் ஊசியும், தடித்ததாயின் அதனினும் பெரிய துளைகருவியும் கொள்ளத்தக்கன.

குருதி மிகுந்தாலும் வலி மிகுந்தாலும் துளை தகாத இடத்தில் விழுந்தது என்று அறியலாம். மடலில் ஓடும் நாளங்கள் பிழையாகத் துளைபட்டால் காய்ச்சல், வீக்கம் முதலிய துன்பங்கள் நேரும் என்றும் நூல் எச்சரிக்கிறது. குத்தியபின் பஞ்சுத் திரியைத் துளையில் செலுத்தி எண்ணெய் இட்டு, மூன்று நாளுக்கொரு முறை சற்றுத் தடித்த திரியாக மாற்றவேண்டும். கிழிந்த காதுமடலைப் பொருத்திச் சீராக்கும் பல முறைகளும் அதே இயலில் உள்ளன. தென்மாவட்ட மூதாட்டியர் பாம்படமும் தண்டட்டியும் அணிந்து மடல் நீளத் தொங்கவிட்ட காலத்தை நினைத்துப் பார்த்தால், அத்தகைய மருத்துவம் எத்துணைத் தேவையானது என்பது விளங்கும்.

இக்காலத்தில் கொள்ளவேண்டிய காப்பு

குழந்தைகளுக்கு 6, 10, 14 ஆம் வாரங்களில் இடப்படும் தடுப்பூசிகள் இரணஜன்னி, மஞ்சள்காமாலை-பி உள்ளிட்ட நோய்களிலிருந்து காக்கின்றன. சுசுருதர் குறித்த ஆறாம் மாதம் இம்மூன்று தவணைகளும் முடிந்த பின்னரே வருகிறது. எனவே மரபும் மருத்துவமும் இங்கு ஒன்றுபடுகின்றன.

விழா நாளில் ஒருவரே பல குழந்தைகளுக்குக் காது குத்துவதுண்டு. ஒரு குழந்தைக்குப் பயன்படுத்திய ஊசியை மற்றொரு குழந்தைக்கு எடுக்கலாகாது. குருதிவழி பரவும் நோய்கள் அதனால் தொற்றக்கூடும். தீயில் ஒரு கணம் காட்டி எடுப்பது போதுமான தூய்மையாகாது. உறையிலிருந்து புதிதாகப் பிரித்த ஊசி, கழுவிய கை, தூய்மை செய்த அணி ஆகிய மூன்றையும் கேட்டுப் பெறுவது பெற்றோரின் கடமை. கேட்பது குற்றமும் அன்று, சடங்குக்கு இழுக்கும் அன்று.

புண் ஆறும்வரை மஞ்சள்தூளையோ சாம்பலையோ அதன்மேல் அப்பலாகாது. திருநீறு நெற்றிக்கு உரியது. பச்சைப் புண்ணுக்கு உரியதன்று. கொதித்து ஆறிய உப்புநீரால் நாளும் துடைப்பது நன்று. மடல் ஆறுவதற்கு ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். மேற்காதின் குருத்தெலும்பைத் துளைத்தால் பல மாதங்கள் ஆகலாம். சிவந்து வீங்கிச் சீழ் தோன்றினால் மருத்துவரை நாடவேண்டும்.

அலகு வேறு, காதணி வேறு

முருகப்பெருமானுக்கு நேர்ந்துகொண்டு கன்னத்திலும் நாவிலும் சிறு வேல் தரிப்பது அலகு குத்துதல் எனப்படும். மலேசியாவின் பத்துமலையில் 1892 முதல் கொண்டாடப்படும் தைப்பூசத்தில், அலகு தரித்த அடியார்கள் 272 படிகளை ஏறி வழிபடுகின்றனர். காதணி குழந்தைக்குப் பெற்றோர் செய்விப்பது. அலகோ வளர்ந்த ஒருவர் விரதமிருந்து தாமே விரும்பி ஏற்பது. நாவில் வேல் தரித்தவர் பேச இயலாது. அம்மௌனமே அவ்விரதத்தின் உட்பொருளாகும். பிறர் வியக்கவேண்டும் என்று அலகின் எண்ணிக்கையைப் பெருக்குவது அவ்வுட்பொருளை இழப்பதாகும்.

ஆடம்பரம் வேண்டா

காதணி விழாவுக்கு மண்டபமும் விருந்தும் இன்றியமையாதன அல்ல. சீர் செய்ய வசதியில்லாத தாய்மாமனை எண்ணி விழாவைத் தள்ளிப்போடும் குடும்பங்களும், கடன்பட்டுச் சீர் செய்யும் தாய்மாமன்களும் உண்டு. இச்சடங்குக்கு வேண்டுவன தெய்வத்தின் திருமுன், தாய்மாமன் மடி, தூய ஊசி, ஒரு பொட்டுப் பொன் ஆகியவையே. மடி தருவதே தாய்மாமன் தரும் பெருஞ்சீர்.

திருவள்ளுவர் கேள்வி என்னும் 42ஆம் அதிகாரத்தில், செவியைத் துளைப்பது என்ற கருத்தை நல்லோர் சொல் கேட்டலுக்கு ஏற்றிக் கூறியுள்ளார். பொன்னால் இடும் துளை அணிக்கு வழியாகும். நல்லுரையால் இடும் துளை அறிவுக்கு வழியாகும். முன்னது ஒரு நாளில் முடியும். பின்னது நாள்தோறும் பெற்றோர் செய்யவேண்டியது. காதணி பூட்டிய குழந்தையின் செவியில் இறைவன் திருநாமமும் இன்சொல்லும் இடையறாது விழச் செய்வோர், இச்சடங்கின் முழுப்பயனையும் பெறுவர்.