சத்தத்தைக் கேள், மாப்பிள்ளை

கோயம்புத்தூர்
ஞாயிறு இரவு

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நேற்று உன் அம்மா போன் செய்தாள். மழையில் தொடங்கிய பேச்சு தென்னைக்கு வந்து, உன் தங்கையின் பரீட்சைக்குப் போய், கடைசியில் நீ வாங்கியிருக்கும் காரில் வந்து நின்றது. "சேர்த்து வெச்ச காசையெல்லாம் அந்தப் பழைய எஸ்டீம்ல கொட்டீட்டான்ணா. ஆட்டோகிராஸ் ஓட்டப் போறானாம். நீதான் ஒரு வார்த்தை சொல்லோணும்" என்றாள். "ஓட்டாதே" என்பதுதான் அந்த ஒரு வார்த்தை என்று நினைத்திருப்பாள். எனக்கு அதைச் சொல்ல மனமில்லை. ஓட்டு. ஆனால் வண்டியில் கை வைக்கும் முன் இந்தக் கடிதத்தைக் கடைசிவரை படி.

நீ அனுப்பிய பட்டியலை இரண்டு முறை படித்தேன். பெரிய வாய் சைலன்ஸர், 15 அங்குல அலாய் வீல், திறந்த ஏர் ஃபில்டர், பக்கெட் சீட், பானட்டில் ஒட்ட ஸ்டிக்கர். பிரேக் என்ற சொல் அதில் எங்கும் இல்லை. இருபது வருடம் ஓடிய வண்டியின் புஷ், பால் ஜாயின்ட் பற்றி ஒரு வரிகூட இல்லை. என் கவலை அங்கேதான் தொடங்கியது.

நீ எடுத்திருப்பது நல்ல வண்டி. 1994-இல் வந்து 2007-இல் நின்றுபோன எஸ்டீமை நம் ரேலிக்காரர்கள் வருடக்கணக்கில் மண்ணில் போட்டுப் புரட்டியிருக்கிறார்கள். உன்னுடையது 2004 மாடல். 1298 சிசி எஞ்சின், 85 குதிரைசக்தி, எடை ஏறக்குறைய 900 கிலோ. இன்றைய கார்களின் பக்கத்தில் வைத்தால் 85 சின்ன எண்ணாகத் தெரியும். ஆட்டோகிராஸில் அந்த எண்ணுக்கு வேலை குறைவு. கூம்புகளை வைத்து வளைத்து வளைத்துப் போட்ட சிறிய தடம், எதிராளியாகக் கடிகாரம், அவ்வளவுதான். ஓட்டம் பெரும்பாலும் இரண்டாம் கியரிலேயே முடிந்துவிடும். அமெரிக்காவில் தார் போட்ட பெரிய வாகன நிறுத்தங்களில் இதை நடத்துகிறார்கள். கூம்பைத் தட்டினால் உன் நேரத்தோடு இரண்டு வினாடி சேரும். பிரிட்டனில் புல்வெளியிலும் அறுவடை முடிந்த வயலிலும் ஓட்டுகிறார்கள். நம் பக்கம் பெரும்பாலும் மண் தரை. எந்தத் தரையானாலும் நேராக ஓடும் தூரம் கொஞ்சம்தான். பிடிக்க வேண்டும், திருப்ப வேண்டும், மறுபடி இழுக்க வேண்டும். எடை குறைந்த சின்ன வண்டிக்கு இந்த மூன்றும் நன்றாக வரும், அதன் கை கால்கள் உறுதியாக இருந்தால்.

என் கதை ஒன்று உனக்குத் தெரியாது. உன் அம்மா சொல்லியிருக்க மாட்டாள். எனக்கு அப்போது 24 வயது. கணபதியில் ஒரு லேத் பட்டறையில் வேலை. பழைய மாருதி 800 ஒன்று வைத்திருந்தேன். ஆறு மாதச் சம்பளத்தைச் சைலன்ஸருக்கும் கார்புரேட்டர் வேலைக்கும் போட்டேன். போட்டிக்கு ஒரு மாதம் முன்பிருந்தே இடது முன்சக்கரத்தில் 'டொக்' என்று ஒரு சத்தம். பள்ளத்தில் இறங்கும்போது வரும், ஸ்டீயரிங்கை முழுக்க ஒடிக்கும்போது வரும். டேப் ரெக்கார்டரைச் சத்தமாக வைத்துக்கொண்டு ஓட்டினேன். போட்டியன்று மூன்றாவது வளைவில் பால் ஜாயின்ட் கழன்று சக்கரம் மடங்கிவிட்டது. வண்டி மண்ணைக் கீறிக்கொண்டே போய், நேரம் குறிப்பவர்கள் உட்கார்ந்திருந்த மேசைக்குப் பத்தடி முன்னால் நின்றது. அந்த மேசைக்குப் பின்னால், எனக்காகக் கொண்டுவந்த தண்ணீர் பாட்டிலைப் பிடித்தபடி உன் அம்மா நின்றிருந்தாள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அந்தப் பத்தடியை இன்றும் தூக்கத்தில் அளந்துகொண்டிருக்கிறேன். நேற்று அவள் போனில் பேசும்போது எது அவள் கண்முன் நின்றிருக்கும் என்று உனக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஆகவே சைலன்ஸர் பிறகு. முதலில் முன்சக்கரத்தைத் தூக்கு. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் தலையைக் கொடுக்காதே, ஸ்டாண்டு வை. டயரை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார். ஆட்டம் இருந்தால் வீல் பேரிங் அல்லது பால் ஜாயின்ட். இடமும் வலமும் பிடித்து ஆட்டும்போது மட்டும் ஆடினால் டை ராட் எண்டையும் ஸ்டீயரிங் ராக்கையும் பார்க்க வேண்டும். பிறகு லோயர் ஆர்ம் புஷ். டார்ச் அடித்துப் பார்த்தால் ரப்பர் வெடித்திருப்பது தெரியும். அது போயிருந்தால், பிரேக் பிடிக்கும் ஒவ்வொரு முறையும் சக்கரம் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளப்படும். நீ ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்திருப்பாய், மூக்கு வேறு பக்கம் போகும். அதை உன் ஓட்டத்தில் உள்ள தவறு என்று நினைத்து நீ ஒரு வருடம் திருத்திக்கொண்டிருப்பாய். புஷ்ஷுக்கு ஆகும் செலவு அந்த அலாய் வீல் ஒன்றின் விலைகூட வராது.

ஆக்ஸில் பூட் கிழிந்து கிரீஸ் தெறித்திருக்கிறதா என்று பார். கிழிந்திருந்தால் மண் உள்ளே போய், கிரீஸோடு சேர்ந்து உப்புத்தாள் போல ஜாயின்டைத் தேய்த்துவிடும். எஞ்சின் மவுண்ட் தளர்ந்திருந்தால் கிளட்சை விடும்போது எஞ்சின் குதிக்கும், அவசரத்தில் கியர் விழாது. ஸ்ட்ரட்டில் எண்ணெய் கசிந்தால் மாற்று. மாற்றுவதானால் இரண்டு பக்கமும் சேர்த்து மாற்று. கடைசியாகத் துரு. ஸ்ட்ரட் மேலே பொருந்தும் இடத்தையும் ஜாக்கி வைக்கும் விளிம்பையும் ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டிப் பார். நல்ல தகடு கணீரென்று கேட்கும். உள்ளே அரித்த தகடு பொத்தென்று கேட்கும். மேலே அடித்த பெயின்ட் எவ்வளவு பளபளத்தாலும் காது சொல்வதை நம்பு. அரித்திருந்தால் டிங்கர் வேலைதான் முதல் செலவு, மற்றதெல்லாம் காத்திருக்கட்டும்.

இதில் நண்பர்களிடம் காட்ட ஒன்றும் இருக்காது என்பது எனக்குத் தெரியும். கையெல்லாம் கறுப்பாகும், பணம் கரையும், வண்டி வெளியே பார்க்க அப்படியேதான் இருக்கும். ஆனால் வேலை முடிந்த அன்று மாலை அதை எடுத்துக்கொண்டு தெருமுனை திரும்பிப் பார். நீ ஸ்டீயரிங்கில் விரலளவு அசைத்தால் வண்டி விரலளவு அசையும். புதுக் கார் வாங்கியவனுக்குக்கூட அந்தச் சந்தோஷம் கிடைக்காது. அவன் அதைத் தன் கையால் சம்பாதிக்கவில்லை.

பிரேக்குக்கு வருகிறேன். பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும். புது டாட் 3 ஆயில் 205 டிகிரி வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது தரம். ஈரம் ஏறியபின் அது 140-க்கு இறங்கிவிடும். டாட் 4-க்கு 230, ஈரம் ஏறினால் 155. கொதித்தால் பைப்பில் ஆவி நிற்கும், பெடல் பஞ்சு மாதிரி தரைக்குப் போகும். முந்தைய உரிமையாளர் எப்போது மாற்றினார் என்று உனக்குத் தெரியாது. எனவே முழுக்க வடித்து, டாட் 4 ஊற்றி, நான்கு சக்கரத்திலும் காற்றெடு. முன்பக்கம் டிஸ்க், பின்பக்கம் டிரம். டிரம்மைக் கழற்றித் தூசியைத் துடை, வீல் சிலிண்டர் கசிகிறதா என்று பார். ஹேண்ட் பிரேக் எத்தனை பல் ஏறியபின் பிடிக்கிறது என்று எண்ணு. முன்சக்கர இழுவை வண்டியை கூம்பைச் சுற்றி இறுக்கமாகத் திருப்ப அந்த நெம்புகோல் உனக்கு வேண்டியிருக்கும்.

டயர் விஷயத்தில் நான் பிடிவாதக்காரன். 13 அங்குலத்திலேயே இரு. பெரிய அலாய் வீல் கனம் கூடும், மண்ணில் ஒரு கல் பட்டால் விளிம்பு நெளியும். கடைக்காரர் காட்டும் டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்று இருந்தால் 2019-ஆம் வருடத்தின் 23-ஆவது வாரத்தில் செய்தது. பட்டன் எவ்வளவு ஆழமாக இருந்தாலும் ஐந்தாறு வருடம் தாண்டிய ரப்பர் கட்டையாகிவிடும், பிடிமானம் இருக்காது. தார் தளத்தில் பயிற்சி எடுக்கும் நாளில் டயரின் ஓரத்தில் சாக்பீஸால் குறுக்கே ஒரு கோடு போடு. இரண்டு சுற்று ஓட்டிவிட்டு இறங்கிப் பார். கோடு பக்கவாட்டுவரை அழிந்திருந்தால் காற்று குறைவு, டயர் மடிந்து ஓடுகிறது. தரையில் படும் பகுதியின் ஓரம்கூட அழியாமல் இருந்தால் காற்று அதிகம். மூக்கு வெளியே ஓடுகிறது, வண்டி திரும்ப மறுக்கிறது என்றால் பின்டயரில் இரண்டு பவுண்டு ஏற்றிப் பார். பத்து ரூபாய்ச் சாக்பீஸும் ஒரு நல்ல காற்றுமானியும் உனக்குச் சொல்லிக்கொடுப்பதை எந்த உதிரிப்பாகமும் சொல்லிக்கொடுக்காது.

எஞ்சினைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். டைமிங் பெல்ட் எப்போது மாற்றியது என்று தெரியாவிட்டால் மாற்று. பிளக், கூலன்ட், ரேடியேட்டர் ஃபேன் பார். வரிசையில் வெயிலில் நிற்கும்போதுதான் பழைய வண்டி சூடேறும். ஆயிலை மேல்கோடு வரை வை; நீண்ட வளைவில் ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கினால் பம்ப் காற்றை உறிஞ்சும். ஆயில் சேம்பருக்கு அடியில் ஒரு இரும்புத் தகடு கார்டு போடு. திறந்த ஏர் ஃபில்டர் வேண்டவே வேண்டாம், நம் ஊர்த் தூசிக்கு மூடிய பெட்டிதான் சரி.

எடையைக் குறைக்க ஸ்டெப்னியையும் ஜாக்கியையும் மிதியடியையும் போட்டி நாளில் இறக்கி வைத்தால் போதும். டாஷ்போர்டில் பொம்மை, சீட்டுக்கு அடியில் பாட்டில் எதுவும் இருக்கக் கூடாது. பிரேக் பெடலுக்கு அடியில் உருண்டு வரும் பாட்டில் ஆளைக் கொல்லும். சீட்டை அறுத்து எறிவது, பாடியை வெட்டுவது எல்லாம் வேண்டாம். திங்கட்கிழமை நீ இதே வண்டியில்தான் வேலைக்குப் போகப் போகிறாய். சாலையில் ஓடும் வண்டியில், தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. 15 வருடம் தாண்டிய வண்டி, ஆர்.சி. புதுப்பிக்கப் போகும்போது இன்ஸ்பெக்டர் முன் நிற்க வேண்டிய வண்டி என்பதையும் மறக்காதே. இன்னொன்று, இன்சூரன்ஸ் பாலிசியை எடுத்துப் படி. பந்தயமும் வேகச் சோதனையும் அதில் விலக்கப்பட்டிருக்கும். மைதானத்தில் உடைவது உன் கைக்காசு. அதைத் தனியாக எடுத்து வைத்துவிட்டுத்தான் பெயர் கொடுக்க வேண்டும்.

பெயர் கொடுக்கும் போட்டி இந்திய மோட்டார் விளையாட்டு கிளப்புகளின் கூட்டமைப்பின் அனுமதி பெற்றதா என்று பார். அனுமதி பெற்ற இடத்தில் விதிப்புத்தகம் இருக்கும், வண்டியைச் சோதிக்க ஆள் இருக்கும், ஆம்புலன்ஸ் நிற்கும். உன் பிரிவுக்கு என்ன ஹெல்மெட், என்ன பெல்ட், ரோல் கேஜ் வேண்டுமா என்பதையெல்லாம் அந்தப் புத்தகம் சொல்லும். ஆளில்லாத பைபாஸில் இரவு பழகுவது என்ற பேச்சே வேண்டாம். அது தெரிந்தால் அன்றே வண்டிச் சாவியை உன் அம்மா கையில் கொடுத்துவிடுவேன்.

போட்டியன்று காலை சீக்கிரம் போ. தடத்தை மூன்று முறையாவது நடந்து பார். முதல் முறை கூம்புகளை மனப்பாடம் செய். இரண்டாம் முறை மண்ணைப் பார். எங்கே இறுகியிருக்கிறது, எங்கே பொடியாக இருக்கிறது, வண்டிகள் ஓடிய பின் எங்கே பள்ளம் விழும். மூன்றாம் முறை குனிந்து, சீட்டில் உட்கார்ந்தால் உன் கண் இருக்கும் உயரத்திலிருந்து பார். முதல் ஓட்டம் மெதுவாகவே இருக்கட்டும். உன் முன்டயர்கள்தான் திருப்புகின்றன, இழுக்கின்றன, பிரேக்கின் பெரும்பங்கையும் தாங்குகின்றன. மூன்று வேலையையும் ஒரே நேரத்தில் கொடுத்தால் எதையும் செய்யாது, வண்டி நேராகக் கூம்புக்குள் போகும். பிரேக்கை நேர்க்கோட்டில் முடி, பிறகு திருப்பு, ஸ்டீயரிங் நேராக ஆக ஆகக் காலைக் கொடு. பார்வை அடுத்த கூம்பில் இருக்க வேண்டும். ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள். ஓட்டத்துக்கு ஓட்டம் ஒரே ஒரு மாற்றம் செய், நேரத்தை எழுது. ஒரே சமயம் மூன்றை மாற்றினால் எது உதவியது என்று உனக்கு எப்போதும் தெரியாது.

சின்ன எஞ்சின் என்று நீ மனம் தளர்ந்தால் ஒன்றை நினைத்துக்கொள். 1980-களின் கடைசியில் நம் ஊர் கரிவர்தன், மாருதி 800-இன் எஞ்சினை வைத்து ஒற்றை இருக்கை ரேஸ் கார் கட்டினார். வெறும் 796 சிசி. அந்த வண்டிகளில் ஓட்டத் தொடங்கியவர்களில் ஒருவர்தான் 2005-இல் ஃபார்முலா ஒன்றில் ஓட்டிய முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயன். கரிவர்தன் 1995-இல் விமான விபத்தில் போய்விட்டார். செட்டிப்பாளையம் ரேஸ் டிராக் இன்று அவர் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் எனக்கு அந்தச் சின்ன எஞ்சின்களின் சத்தம் ஞாபகம் வரும்.

அடுத்த ஞாயிறு காலை ஏழு மணிக்கு வண்டியை என் ஷெட்டுக்குக் கொண்டு வா. ஜாக்கி ஸ்டாண்டு நான்கும் டார்க் ரெஞ்சும் என்னிடம் இருக்கின்றன. பிரேக் ஆயில் மட்டும் நீ வாங்கிக்கொள். வரும் வழியெல்லாம் பாட்டை நிறுத்தி, கண்ணாடியை இறக்கி வை. எந்தப் பள்ளத்தில், எந்தத் திருப்பத்தில், எந்தச் சக்கரத்தில் என்ன சத்தம் கேட்டது என்று ஒன்று விடாமல் குறித்துக்கொண்டு வர வேண்டும். அம்மாவையும் கூட்டி வா, முன்சீட்டில் உட்காரட்டும். உனக்குக் கேட்காத சத்தம் அவளுக்குக் கேட்கும்.

அன்புடன்,
உன் மாமா